மீதித் தூரம்

“தூரம்னு ஒன்னு உலகத்துலயே கிடையாது. அது பெட்ரோல் விக்கிறவன் கிளப்பிவிட்ட வதந்தி.”

என் அத்தான் இதைச் சொன்னபோது எதிரில் இருந்தவர் மறுத்துப் பேசவில்லை. அவர் வாயில் அப்போது இரண்டு பஞ்சு உருண்டைகளும் எச்சில் உறிஞ்சும் குழாயும் இருந்தன. அத்தான் பல் டாக்டர். வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடப்பவர்களிடமே காலம் முழுக்கக் கருத்துச் சொல்லிப் பழகியவர். அதனால் உலகம் தன் கட்சி என்று மனதார நம்பியிருந்தார்.

அந்த வதந்தியை ஒழிப்பதற்காகத்தான் அவர் மின்சார ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சிவப்பு. இரண்டே கதவு. முன்னால் இரண்டு பேர் படுக்கலாம், பின்னால் ஒருவர் மடங்கலாம். கண் மூடித் திறப்பதற்குள் நூறைத் தொடும். சத்தமே போடாமல் பக்கத்தில் வந்து நிற்கும். புலி மாதிரி என்பார் அத்தான். மாமியார் மாதிரி என்பாள் அக்கா.

ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேரே திரையில் ‘மீதித் தூரம்’ என்று ஓர் எண் பெரிதாக இருக்கும். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை, சமீபத்தில் ஓட்டிய விதத்தை வைத்து வண்டியே ஊகித்துச் சொல்லும் எண் அது. விரட்டினால் குறையும். நிதானமாகப் போனால் கூடும். மலையிலிருந்து இறங்கினால் அதற்குத் தலைகால் புரியாது.

இந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. ஞாயிறு காலை எல்லோரும் தங்கள் திரையைப் படம் பிடித்துப் போட வேண்டும். யாருடைய எண் பெரியதோ அவர் அந்த வாரத்துச் சக்கரவர்த்தி. அத்தான் விடாமல் சக்கரவர்த்தியாக இருந்தார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஞாயிறு விடிந்ததும் காரை ஓர் இழுவை வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே இருக்கும் குன்றின் உச்சிக்கு அனுப்பிவிடுவார். தான் வாடகைக் காரில் பின்னால் போவார். உச்சியிலிருந்து உருட்டிக்கொண்டே இறங்கி, அடிவாரத்தில் நிறுத்திப் படம் எடுப்பார். ஒரு வாரம் அந்த எண், வண்டி செய்த கம்பெனியே சொல்லத் துணியாத இடத்துக்குப் போய்விட்டது. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு கிளினிக்கில், பல் துலக்கும் முறையை விளக்கும் படத்துக்கு மேலே மாட்டினார்.

“அது எறக்கத்துல வந்த நம்பர் ஆச்சே அத்தான்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நம்பருக்கு ஏத்தம் எறக்கம்லாம் தெரியாது மச்சான். நம்பர் பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்வான்.”

மனுஷன் சொல்லிக்கொடுத்ததைத்தான் நம்பர் சொன்னது. இதை மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டேன். அக்கா வீட்டுச் சாப்பாட்டை நம்பிக் கல்லூரிக்குப் போகிறவனுக்கு இதற்கு மேல் கொள்கை கூடாது.

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். அவரிடமும் மின்சாரக் கார் இருந்தது. வெள்ளையாக, சோப்புக் கட்டி மாதிரி. நெடுஞ்சாலையில் ஏசியை அணைத்துவிட்டு, ஒரு பெரிய லாரியாகப் பார்த்து அதன் பின்னால் போவது அவர் வழக்கம். லாரி காற்றைக் கிழித்துக் கொடுக்கும், நமக்குப் பாரம் குறையும் என்று ஒருநாள் வாசல் கேட்டருகே நின்று விளக்கினார். அத்தானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“சார், லாரி வாலைப் புடிச்சிக்கிட்டுப் போறதுக்கு எதுக்கு சார் கார்? ஒரு கயிறு வாங்கியிருக்கலாமே?”

வாத்தியாரும் சிரித்துவிட்டுப் போனார். அன்று முதல் குழுவில் அப்படிப் போகிறவர்களுக்கு ‘எலி’ என்று பெயர் வந்தது. யாருடைய எண்ணாவது குறைந்தால், “என்னய்யா, எலி ஆயிட்டியா?” என்று அத்தான் குரல் செய்தி அனுப்புவார். பின்னணியில் யாராவது ஒருவர் வாயைத் திறந்தபடி முனகுவது கேட்கும்.

இதற்கிடையே, அக்கா வீட்டில் எங்களோடு இருந்த எங்கள் அப்பாவுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்தது. அவர் கோர்ட்டில் தட்டச்சராக இருந்தவர். முப்பது வருடம் அடுத்தவர் பேச்சை விடாமல் அடித்தவர், இப்போது தன் பேச்சைத் தந்தி மாதிரி சுருக்கிக்கொண்டார். மூக்கில் குழாய். குழாயின் மறுமுனையில் தோள்பை அளவுக்கு ஓர் ஆக்ஸிஜன் மெஷின். ‘புஸ்… டக்’ என்று அது நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த ‘டக்’ கொஞ்சம் தாமதித்தால் வீட்டில் எல்லோரும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்போம்.

நுரையீரல் ஆஸ்பத்திரி ஒரு மலை மேல் இருந்தது. நல்ல காற்றுக்காக எந்தக் காலத்திலோ யாரோ அங்கே கட்டிவிட்டார். மூச்சு முட்டுகிறவனை மூச்சு முட்டும் உயரத்துக்கு வரச் சொன்னவர் நிச்சயம் ஆரோக்கியமானவராக இருந்திருப்பார். பல வாரம் காத்திருந்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலை போன் வந்தது. ஒரு படுக்கை காலியாகியிருக்கிறது, சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்தால் அப்பாவுக்கு, இல்லாவிட்டால் அடுத்தவருக்கு. எப்படிக் காலியானது என்று நாங்கள் கேட்கவில்லை.

“வேன் சொல்லிடறேங்க. அப்பா காலை நீட்டிக்கிட்டு வருவாரு” என்றாள் அக்கா.

“வேனா? நம்ம வீட்டு வாசல்ல என்ன நிக்குது, கழுதையா?” அத்தான் என்னை இழுத்துக்கொண்டு போய்த் திரையைக் காட்டினார். முந்தின நாள்தான் குன்றிலிருந்து இறங்கியிருந்தார். மீதித் தூரம் முந்நூற்றுத் தொண்ணூறு. “ஆஸ்பத்திரி எவ்வளவு? நூத்தி அறுபது. ரெண்டு தடவை போயிட்டு, மூணாவது தடவைக்குப் பாதி வழியும் போலாம்.”

எண்ணுக்குக் கீழே மெலிதாக ஒரு பச்சைக் கோடு இருந்தது. பேட்டரியில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுகிற கோடு. அது பாதியைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது.

“சார்ஜ் போட்டுட்டுக் கிளம்பலாமே அத்தான்?”

“சாப்பிட்டவனுக்கு எதுக்குடா பந்தி? வா.”

அக்கா ஆக்ஸிஜன் மெஷினுக்கான மாற்று பேட்டரியைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தாள். செங்கல் கனம். அத்தான் அதை அவள் கையிலிருந்து வாங்கி, மெதுவாகச் செருப்பு அலமாரி மேல் வைத்தார்.

“என் கார் முழுக்க பேட்டரிடி. கடலுக்குக் குடத்துல தண்ணி எடுத்துட்டுப் போவியா? கார்லயே சொருகிக்கலாம்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அதைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் பின்சீட்டில் நானும் மெஷினும் மடங்கியபின் செங்கல்லுக்கு இடமில்லை என்பதும் உண்மைதான். அப்பாவைக் காரில் ஏற்றினோம் என்று சொல்ல முடியாது. கிணற்றில் இறக்குவது போல இறக்கினோம். மண்டையை ஒருவர், முழங்காலை ஒருவர். உட்கார்ந்ததும் அப்பா வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு கட்டைவிரலை உயர்த்தினார். ஒரு விரல் என்றால் பரவாயில்லை. இரண்டு விரல் என்றால் முடியவில்லை. அவருடைய சைகை மொழி அவ்வளவுதான்.

சமவெளியில் அத்தான் காரைப் பறக்கவிட்டார். முன்னால் போன எல்லாவற்றையும் முந்தினார். முந்தும்போதெல்லாம் என் மடியில் இருந்த மெஷின் என் வயிற்றில் அழுந்தியது. அதன் சொந்த பேட்டரி தீர்ந்து சிவப்பு விளக்கு எரிந்ததும் வயரைக் காரின் சாக்கெட்டில் செருகினேன். விளக்கு பச்சையானது.

“பாத்தியா?” என்றார் அத்தான், கடலைத் தானே தோண்டியவர் போல.

மலை தொடங்கியதும் வானம் கீழே இறங்கி வந்தது. முதல் வளைவில் வெயில் இருந்தது. மூன்றாவது வளைவில் அப்படி ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. ஈரமான மூடுபனி கண்ணாடியில் வந்து அப்பியது. குளிர் அப்பாவுக்கு ஆகாது என்று அத்தான் ஹீட்டரைக் கூட்டினார். நான் இரண்டு சீட்டுகளுக்கு நடுவே கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தேன்.

மீதித் தூரம் இருநூற்று முப்பதுக்கு வந்திருந்தது. அடுத்த கிலோமீட்டர் கல்லைத் தாண்டியபோது இருநூற்று இருபத்து நான்கு.

“ஒரு கிலோமீட்டருக்கு ஆறு குறையுது அத்தான்.”

“புது ரோடுல்ல. அதுக்கு இன்னும் பழகலை.”

“ரோடு பழசுதான்.”

“மச்சான், நீ ஜன்னல் வழியா இயற்கையைப் பாரு.”

பின்சீட்டுக்கு ஜன்னல் கிடையாது. நான் எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன். கடிகாரத்தின் நொடிமுள் பின்னோக்கி ஓடுவது போல இருந்தது. வண்டி தன் தவறை உணர்ந்துவிட்டது. யாரோ தனக்குப் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், அவசரம் அவசரமாக எல்லாவற்றையும் திருத்திக்கொண்டிருந்தது. பச்சைக் கோடு மஞ்சளானது. அத்தான் பேச்சை நிறுத்தியிருந்தார். அவர் வாய் மூடியிருந்து நான் பார்த்ததில்லை. அது அவருக்குப் பொருந்தவில்லை.

பாதி மலையில் ஒரு சார்ஜிங் நிலையம் இருப்பதாக வரைபடம் சொன்னது. பூட்டிக்கிடந்த ஓர் உணவகத்தின் முற்றத்தில் இரண்டு தூண்கள் நின்றன. ஒன்றின் கேபிள் முழங்கை நீளத்தில் வெட்டப்பட்டு, உள்ளே இருந்த கம்பிகள் உரித்தெடுக்கப்பட்டிருந்தன. மற்றதன் திரை இருட்டாக இருந்தது. போர்வை போர்த்திய காவலாளி ஒருவர் நாற்காலியிலிருந்து எழாமலே கையை ஆட்டினார்.

“ஒன்னை செம்புக்காக அறுத்துட்டுப் போயிட்டாங்க. இன்னொன்னு நல்லாத்தான் இருக்கு, கரண்ட்தான் இல்லை. காலையில போச்சு.”

“எப்ப வரும்?” என்றார் அத்தான்.

“அது சொல்லிட்டா போச்சு?” அவர் காரை மேலும் கீழும் பார்த்தார். “நேத்து இதே மாதிரி ஒன்னு வந்துது. நீலக் கலர். மேல போறேன்னாரு. திரும்பி வரலை.” கொஞ்சம் யோசித்தார். “வேற வழியா இறங்கியிருப்பாரு.”

“வேற வழி இருக்கா?” என்றேன்.

“இல்லை.”

அங்கே போனுக்கு ஒரு கோடு சிக்னல் இருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, திரும்ப என்னைக் கூப்பிட்டாள். இருக்கிற ஒரே ஆம்புலன்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறதாம். வந்ததும் எதிரே அனுப்புகிறார்களாம். நிற்காமல் வந்துகொண்டே இருக்கச் சொன்னார்களாம்.

“திரும்பி வந்துடுங்கடா. எறக்கம்தானே, வண்டி வந்துடும். அவர்கிட்ட குடு போனை.”

அத்தான் போனை வாங்கவில்லை. தூணுக்கும் காருக்கும் நடுவே நின்று, வெட்டப்பட்ட கேபிளைச் சொத்தைப் பல்லைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் காருக்குள் தலையை விட்டு அப்பாவிடம் சொன்னேன். திரும்பினால் பாதுகாப்பாக வீட்டுக்குப் போய்விடலாம். படுக்கை போய்விடும்.

அப்பா விரலை உயர்த்தவில்லை. பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘புஸ்’ தேவைப்பட்டது.

“அடுத்த படுக்கை… வரைக்கும்… நான்… இருக்க மாட்டேன்.” பிறகு, “மேல” என்றார்.

அத்தானும் அதைக் கேட்டார். வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு முப்பத்தொன்று என்று வழிகாட்டி சொன்னது. மீதித் தூரம் நாற்பத்து நான்கு.

நிலையத்தை விட்டதும் சிக்னல் போனது. மூடுபனியில் முகப்பு விளக்கின் ஒளி இரண்டு கார் நீளத்துக்கு மேல் போகவில்லை. அந்த ஒளியில் ஒரு லாரியின் பின்புறம் தோன்றியது. பெரிய மூடிய பெட்டி லாரி. சேறு அப்பிய இரட்டைக் கதவு, கீழே அழுக்குச் சிவப்பில் இரண்டு விளக்குகள். ஏற்றத்தில் மாடு மாதிரி மூச்சிரைத்துப் போய்க்கொண்டிருந்தது. அத்தானின் கால் யோசிக்கவில்லை, பழக்கம். நாங்கள் சீட்டோடு ஒட்டிக்கொண்டோம், லாரி பின்னால் போய் மூடுபனியில் கரைந்தது.

மீதித் தூரம் முப்பத்தாறு.

“அத்தான்.”

“தெரியும்டா.”

அடுத்த வளைவில் திரை மொத்தமும் மஞ்சளாகி ஒரு வாசகம் வந்தது. அவசியமில்லாத மின் பயன்பாடு படிப்படியாக நிறுத்தப்படும். ‘விவரம்’ என்று கீழே ஒரு கட்டம். கையை நீட்டி அதைத் தொட்டேன். வண்டி எதையெல்லாம் அவசியமில்லை என்று நினைக்கிறது, எந்த வரிசையில் நிறுத்தும் என்று இருந்தது. முதலில் பாட்டு. அடுத்து சீட்டுச் சூடு. அடுத்து ஹீட்டர். அடுத்து சாக்கெட்டுகள்.

அப்பா நான்காவதாக இருந்தார்.

“இதை மாத்த முடியாதா?”

அத்தான் ஒரு கையால் திரையைத் தேய்த்தார், தட்டினார், உள்ளே போனார், வெளியே வந்தார். விளக்குகளின் நிறத்தை மாற்றலாம். கதவு திறக்கும்போது வரவேற்கும் குரலை மாற்றலாம். இதை மாற்ற முடியாது. வண்டி ஓடுவதற்கு எது அவசியம் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

பாட்டு ஏற்கெனவே ஓடவில்லை. சீட்டுச் சூடு போனது முதுகில் தெரிந்தது. சற்று நேரத்தில் ஹீட்டரின் இரைச்சல் நின்றது. அதுவரை அப்படி ஓர் இரைச்சல் இருந்ததே எனக்குத் தெரியாது. இப்போது காருக்குள் ஒரே சத்தம்தான். புஸ்… டக். புஸ்… டக். கண்ணாடி உள்பக்கமாகப் பனித்தது. அத்தான் கோட்டின் கையால் துடைத்தார்.

“இதோட சொந்த பேட்டரி எவ்வளவு ஏறியிருக்கு?” என்று கேட்டார். தன் மாமனாரின் உயிரைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

“ஏறலை. கார் குடுக்கிற கரண்ட்டை அப்படியே தின்னுது. வயர் செத்தா இதுவும் செத்துது.”

“சாக்கெட் எந்த நம்பர்ல கட் ஆகும்?”

“அதுல போடலை.”

ஆஸ்பத்திரிக்கு இருபத்து நான்கு. மீதித் தூரம் இருபத்திரண்டு. முதல் முறையாக அது பின்தங்கியிருந்தது. அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகளின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. விரல் எதுவும் உயரவில்லை. அப்பா இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே சூட்டுக்காக இடுக்கிக்கொண்டிருந்தார்.

“நிறுத்தி, பின்னாடி வர லாரியில அப்பாவை ஏத்திடலாமா அத்தான்?”

“அவ்வளவு உசரத்துக்கு எப்படிடா ஏத்துவ? நாலு படி. குழாயைக் கழட்டிட்டா?” பிறகு தாழ்ந்த குரலில், “இதுக்குக் கரண்ட் இந்த ஒரு வயர்லதான் வருது. அதைப் புடுங்கிட்டு அங்க என்னத்தைச் சொருகுவ?” என்றார்.

சொன்னது சரிதான். அவர் ஒரு விஷயத்தைச் சரியாகச் சொன்னது எனக்குப் பயத்தைக் கூட்டியது.

பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் மெதுவாகக் காருக்குள் பரவியது. லாரி எங்களை எட்டிவிட்டது. நாங்கள் அவ்வளவு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அது ஒருமுறை ஹாரன் அடித்தது. முந்த வழி கேட்கிற ஹாரன் அல்ல, ஒதுங்கச் சொல்கிற ஹாரன்.

அத்தான் ஓரமாக ஒதுங்கினார். லாரி எங்களைத் தாண்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டது. சக்கரம், சக்கரம், நீளமான இரும்புச் சுவர், மறுபடி சக்கரம். ஓட்டுநர் குனிந்து எங்களைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. பிறகு அந்தச் சேறு அப்பிய இரட்டைக் கதவு எங்களுக்கு முன்னால் வந்தது.

அது மூடுபனிக்குள் போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. அத்தான் கையை நகர்த்தி முகப்பு விளக்கைத் தாழ்த்தினார். பக்கக் கண்ணாடிகளை உள்ளே மடக்கினார். தன் கோட்டைக் கழற்றி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், அப்பாவின் மடியில் போட்டார். பிறகு லாரியின் பின்னால் நுழைந்தார். பக்கவாட்டில் ஊளையிட்டுக்கொண்டிருந்த காற்று சட்டென்று அடங்கியது, யாரோ ஒரு கதவைச் சாத்தியது போல.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இப்படி ஒரு வாய்ப்புக்காக நான் மாதக்கணக்கில் காத்திருந்தவன். நான் மெஷினை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அதன் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது. இருபதாகவே இருந்தது. ஒரு வளைவு வந்தது, லாரி திரும்பியது, நாங்களும் திரும்பினோம். பத்தொன்பது. இன்னொரு வளைவு. பத்தொன்பது.

“மாமா” என்றார் அத்தான். “மூச்சு எப்படி இருக்கு?”

கோட்டுக்கு அடியிலிருந்து அப்பாவின் கை வெளியே வந்தது. ஒரு விரல் உயர்ந்தது. இரண்டாவது விரல் பாதி மடங்கி, நிமிரலாமா வேண்டாமா என்று நின்றது.

அத்தான் ஸ்டியரிங் மேல் குனிந்து, இன்னும் கொஞ்சம் நெருக்கமாகப் போனார்.